சாரல் எவ்வளவு வெயிலைத் தின்னும்? பிள்ளைகளோடு அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் சோலார் என்றால் எந்த வருடமும் ஒரே காட்சிதான். தெர்மாகோல் வீடு, கூரையில் குட்டிப் பேனல், வாசலில் ஒரு எல்இடி. பல்பு எரியும், கை தட்டுவார்கள், மறுநாள் வீடு குப்பைக்குப் போகும். வெயில் பட்டால் பேனலில் மின்சாரம் வரும் என்பது ஊருக்கே தெரியும். தெரியாத ஒன்றைக் கேட்டு, அளந்து, விடை கொண்டுவந்தால்தான் அது ஆராய்ச்சி.

தென்காசிப் பக்கம் வீரகேரளம்புதூர்க்காரர்களுக்கு அப்படியொரு கேள்வி வாசலிலேயே கிடக்கிறது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு வரும். குற்றாலத்தில் சாரல் விழும்போது, இங்கே சிற்றாற்றங்கரையில் வெயிலும் மூட்டமும் கண்ணாமூச்சி ஆடும். இன்னும் கிழக்கே ஆலங்குளம் பக்கம் போனால் காற்று மட்டும் மிச்சம். மாடியில் பேனல் மாட்டியவருக்கு இந்தச் சாரல் மாதங்களில் எவ்வளவு மின்சாரம் குறைகிறது? குற்றாலத்துக்கும் நமக்கும் வித்தியாசம் எத்தனை?

இதைப் பிள்ளைகளிடம் தலைப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு சாரல் நாளில் மாடிக்குக் கூட்டிப்போய் நிறுத்துங்கள்; அவர்களே கேட்பார்கள். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் கரியைப் பயன்படுத்துவதைப் பார்த்துத்தான் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை யோசித்தார். அதற்கு 2020-இல் ஸ்வீடனின் குழந்தைகளுக்கான பருவநிலை விருது கிடைத்தது. மறு ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். கேள்வி தெருவிலிருந்து வந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

மூன்று நான்கு பிள்ளைகள் போதும். பத்துப் பேர் சேர்ந்தால் இரண்டு பேர் அளப்பார்கள், எட்டுப் பேர் செல்ஃபி எடுப்பார்கள்.

வாங்க வேண்டியவை: 10 வாட் பேனல் இரண்டு அல்லது மூன்று, எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல். பேனலுக்கொரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சுரண்டையிலோ தென்காசியிலோ எலக்ட்ரிக் கடையில் கேட்டுப் பாருங்கள். பேனலின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ‘ஷார்ட் சர்க்யூட் கரண்ட்’ எவ்வளவு ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். 12 வோல்ட் வகையில் 0.6-ஐ ஒட்டி இருக்கும். சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில் விழும்போது வரும் மின்னோட்டம் அது. வெயில் பாதியானால் இதுவும் ஏறக்குறைய பாதியாகும். ஆக, அந்தப் பேனலே உங்கள் வெயில்மானி. சீட்டில் 0.60 இருந்து மீட்டர் 0.42 காட்டினால், 0.42-ஐ 0.60-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்குங்கள்: 700 வாட்.

மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகுங்கள். இதைச் சொல்லாமல் விட்டதற்கு, பிள்ளைகளோடு அளக்கத் தொடங்கிய முதல் நாளே நான் தண்டம் அழுதேன். ஒருத்தி பக்கத்து மில்லிஆம்பியர் ஓட்டையில் செருகிவிட்டு, “எக்கா, மீட்டர் செத்துப்போச்சு” என்று ஓடி வந்தாள். செத்தது உள்ளேயிருக்கும் ஃபியூஸ். திறந்து காட்டினேன், கண்ணாடிக் குழாய்க்குள் மயிரிழை போன்ற கம்பி அறுந்து கிடந்தது. பிறகு யாரும் ஓட்டையை மாற்றவில்லை. இன்னொன்று, இது விளையாட்டுப் பேச்சில்லை: இந்த அளவை 10 வாட் பேனலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டு மாடியில் வரிசையாக இணைத்திருக்கும் பேனல்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். அதில் பிள்ளைகள் கை வைக்கவே கூடாது.

அடுத்த வேலையைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். பேனல்களைத் தூக்கிக்கொண்டு பிரிவதற்கு முன், மேகமில்லாத ஒரு மதியம் எல்லாப் பேனலையும் ஒரே மாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளங்கள். ஒரே மாடலாக இருந்தாலும் ஒன்று 0.57 காட்டும், ஒன்று 0.59 காட்டும். இந்த வித்தியாசத்தைக் குறித்து வைக்காவிட்டால், பின்னால் குற்றாலத்தில் வெயில் குறைவா, குற்றாலத்துக்குப் போன பேனல் மட்டமா என்று சொல்லவே முடியாது.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு அன்னா மணியின் கதையைச் சொல்வேன். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். குற்றாலம் இருக்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளியை ஆராய்ந்தார். ஐந்து கட்டுரைகள் எழுதியும், எம்.எஸ்ஸி. இல்லை என்று அவருக்கு முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. லண்டனில் வானிலைக் கருவிகளைப் படித்துவிட்டு 1948-இல் புனே வானிலைத் துறைக்கு வந்தார். 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். அவர் 1980-இல் வெளியிட்ட கதிர்வீச்சுத் தரவு நூல் இந்தியச் சூரிய ஆற்றல் வேலைக்கு அடிக்கல். கருவிகளை ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்துத் தரப்படுத்துவதில் அவர் காட்டிய கறார் நாம் மாடியில் செய்யும் வேலைக்கும் வேண்டும்.

பேனலைச் சாய்க்காமல் கிடைமட்டமாக வையுங்கள். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் கிடைக்கும். இல்லையென்றால் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். தென்னை நிழலோ கைப்பிடிச்சுவர் நிழலோ ஒரு ஓரத்தில் விழுந்தாலும் கணக்கு கெட்டுப்போகும்.

அடுத்தது நேரம். நம்மூரில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாக 12 மணிக்கு அல்ல. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் அதற்கு மேற்கே ஐந்து பாகை தள்ளி இருப்பதால் 12.20 வாக்கில்தான் உச்சி. சித்திரை பிறக்கிற ஏப்ரல் 13, 14 தேதிகளில் அந்த நேரத்துக்கு ஒரு குச்சியை நட்டால் நிழலே விழாது. நம் அட்சரேகை ஏறக்குறைய 9 பாகை என்பதைப் புத்தகமில்லாமல் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. அளவெடுப்பை அன்றே தொடங்குங்கள். சாரலுக்கு முந்தைய வெயில் கணக்கில் இல்லாவிட்டால் சாரல் எதைத் தின்றது என்று எப்படிச் சொல்வது?

தினமும் 12.20-க்கு ஒரு அளவு போதும். வாரத்தில் ஞாயிறு மட்டும் காலை 7 முதல் மாலை 6 வரை மணிக்கொரு தடவை. அந்தப் பன்னிரண்டு எண்களையும் வாட்டாக மாற்றிக் கூட்டினால் அன்றைக்குச் சதுர மீட்டரில் விழுந்த ஆற்றல் வாட்-மணியில் வந்துவிடும்; 5,000 வந்தால் 5 யூனிட். சாய்வெயிலில் கண்ணாடி ஒளியைத் திருப்பிவிடுவதால் காலை, மாலை அளவுகள் கொஞ்சம் குறைவாகவே வரும். அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். குற்றாலம் பக்கம் அத்தையோ சித்தியோ இருக்கிற பிள்ளையிடம் இன்னொரு பேனலைக் கொடுத்தால் இரண்டாவது நிலையம் தயார்.

நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பானால் ஒரு கோடு, அழிப்பான் கூடாது. ஒரு பையன் பத்து நாள் தொடர்ந்து 0.55 என்றே எழுதியிருந்தான். திட்டவில்லை. மறுநாள் கூடவே போய் நின்றேன். ஐந்து நிமிடத்துக்குள் 0.21, 0.48, 0.13 என்று மீட்டர் குதித்தது. “எதை எழுத?” என்று கேட்டான். மூன்றையும் எழுது, நேரத்தோடு எழுது என்றேன். பிறகு ஒரு தடவை 0.66 வந்தது. சீட்டில் இருப்பதே 0.60 தானே, மீட்டர் கெட்டுவிட்டது என்று பயந்தான். கெடவில்லை. வெள்ளை மேகத்தின் விளிம்பு சூரியனை ஒட்டி நகரும்போது நேர்வெயிலோடு மேகம் சிதறடித்த ஒளியும் சேர்ந்து விழும். சில நொடிக்குத் தெளிந்த வானத்தையே மிஞ்சும். சாரல் காலத்தில்தான் இது அதிகம் பிடிபடும்.

இந்த அளவில் வராத ஒன்றும் உண்டு. சூடு ஏறினால் சிலிக்கான் பேனலின் திறன் பாகைக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் விழும். ஆடிக்காற்று பேனலைக் குளிரவைப்பதால், வெயில் குறைந்த அளவுக்கு மின்சாரம் குறையாது. மாடியில் பேனல் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் இன்வெர்ட்டரில் தினசரி யூனிட் தெரியும். அதைக் கேட்டு வாங்கி உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஆவணி கழியும்போது வரைபடம் போடலாம். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு 10 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஆய்வை அனுப்பலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரிடம் விசாரியுங்கள். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பேனலை மாடியிலிருந்து இறக்கிவிடாதீர்கள். ஐப்பசியில் வடகிழக்கு மழை வரும். அப்போது மேகம் கிழக்கேயிருந்து வரும். அதே நோட்டில் புதுப் பக்கம்.