அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஸ்கூல் பட்ஜெட்: இன்சூரன்ஸ் மட்டும் போதுமா?

ஜூன்ல ஸ்கூல் திறக்குது. உங்க குழந்தைக்கு வேர்க்கடலையோ பாலோ அலர்ஜின்னா, ஃபீஸ், யூனிஃபார்மோட இன்னொரு கணக்கும் போடணும்.

வழக்கமான ஹெல்த் பாலிசி அட்மிட் ஆனால்தான் பணம் தரும். டாக்டர் ஃபீஸ், அலர்ஜி டெஸ்ட், ஸ்கூலுக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என வாங்கும் அவசர மருந்து எல்லாம் பெரும்பாலும் நம்ம கைக்காசுதான். வருஷத்துக்கு 12,000 ரூபாய் ஆகும்னா, மாசம் 1,000 ரூபாயைத் தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்டில் ஒதுக்குங்க.

ஆபீஸ் குரூப் பாலிசியில் குழந்தை பேர் இருக்கான்னு எச்ஆரிடம் கேளுங்க. ஆனா வேலையை விட்டா அந்த கவரும் போயிடும். சொந்த பாலிசியும் வேணும். அதை எடுக்கும்போது அலர்ஜியை மறைக்காதீங்க. சொன்னா பிரீமியம் கொஞ்சம் கூடலாம். மறைச்சா, குழந்தை ஐசியூவில் இருக்கும்போது கிளைம் நிராகரிக்கப்படலாம்.

ஸ்கூல் திறக்கும் முன்னாடியே இதையெல்லாம் முடிச்சிடுங்க.