செங்காந்தளும் அழற்சியும்

அன்புள்ள இளவேனிலுக்கு,

அழற்சியை அடக்க எதைக் குடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். கேள்வியே கோணல். அழற்சி உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் வேலை, முடிந்ததும் தானே அடங்கும். ஆண்டுக்கணக்கில் அடங்காமல் கிடந்தால், பெரும்பாலும் தூண்டிவிட்ட பொருள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது: புகையிலைப் புகை, ஈறில் குடியிருக்கும் கிருமி, குடலைச் சுற்றிப் பெருத்த கொழுப்பு. அதை விட்டுவிட்டு மஞ்சள் பால் குடிப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை.

அடங்காத அழற்சிதான் மாரடைப்புக்கும் வழி என்றால், விளைவைக் காரணமாக்குகிறீர்களே என்று நீ மடக்கலாம். பழைய வழக்குதான். ஜெர்மன் நோயியலாளர் விர்ச்சோ 1858-லேயே தமனிச் சுவர் தடிப்பதை அழற்சி என்றார். வியன்னாவின் ரோகிடான்ஸ்கி, அழற்சி பின்னால் வருவது என்றார். 2017-ல்தான் நல்ல சாட்சி கிடைத்தது. மாரடைப்பிலிருந்து பிழைத்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த சோதனையில், கனாகினுமாப் என்ற மருந்து கொலஸ்ட்ராலைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் குறைத்தது. மாரடைப்பும் பக்கவாதமும் இதய மரணமும் சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். மொத்த மரணம் குறையவில்லை. இந்தப் பின்பாதியை யாரும் சொல்வதில்லை. முடக்குவாதத்துக்குக் கைகண்ட மெத்தோட்ரெக்ஸேட்டோ, அடுத்து வந்த சோதனையில் இதயத்துக்கு உதவவே இல்லை. அழற்சி ஒன்றல்ல, பல.

எனக்குப் பிடித்த சான்று கோல்சிசின். கௌட் வாதத்துக்கு நெடுங்காலமாகத் தரப்படும் மருந்து. கௌட்டில் மூட்டுக்குள் யூரிக் அமிலப் படிகங்கள். தமனிச் சுவரில் கொலஸ்ட்ரால் படிகங்கள். இரண்டையும் விழுங்கும் வெள்ளணுக்களுக்குள் ஒரே அபாய மணிதான் அடிக்கிறது. அப்படியானால் மூட்டு மருந்து இதயத்துக்கும் உதவ வேண்டுமல்லவா? 2019-ல் 4,745 பேரிடம் பார்த்தார்கள். தினம் அரை மில்லிகிராம் எடுத்தவர்களில் 5.5 சதவீதத்தினரும், எடுக்காதவர்களில் 7.1 சதவீதத்தினரும் இதயக் கோளாறாலோ பக்கவாதத்தாலோ பாதிக்கப்பட்டார்கள். 2024-ல் வந்த இன்னும் பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனாலும் படிகம் என்ற காரணத்தை நான் விடுவதாக இல்லை. மணியை அமுக்குவதைவிடப் படிகம் சேராமல் பார்ப்பதுதான் வைத்தியம்.

அந்தக் கோல்சிசின் நம் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று பயிரிட்டு, மருந்துக்காக விதையை விற்கிறார்கள். இயற்கை மருந்துதானே என்று கிழங்கை அரைத்துக் குடித்துவிடாதே. ஆளைக் கொல்லும் நஞ்சு அது.