கேபிள் எங்கே அறுந்திருக்கு? அலையைக் கேளுங்க!

மக்களே, காத்திவாக்கம் கடற்கரைப் பக்கம் போயிருக்கீங்களா? கடல் அரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்களைச் சரிவாகக் கொட்டியிருப்பார்கள். அலை கல் இடுக்குகளில் புகுந்து, நுரைத்து, பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். அதே அலை துறைமுகத்தின் செங்குத்துச் சுவரில் மோதினால் திரும்பி வரும். கோஆக்ஸியல் கேபிள் லேபிலும் இதே கதைதான். தண்ணீருக்குப் பதிலா பல்ஸ், அவ்வளவுதான்.

தேவையானவை: 50 ஓம் அவுட்புட் உள்ள பல்ஸ் ஜெனரேட்டர், ஆஸிலாஸ்கோப், டி கனெக்டர், 50 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். டி கனெக்டரை ஸ்கோப்பில் மாட்டி, ஒரு பக்கம் ஜெனரேட்டரையும் மறுபக்கம் கேபிளையும் இணையுங்க. ஸ்கோப் இன்புட் 1 மெகா ஓமில் இருக்கணும். 100 நானோ செகண்ட் அகலமுள்ள பல்ஸை அனுப்புங்க. இப்போ கேபிளின் மறுமுனையை மூன்று விதமா மாற்றிப் பாருங்க.

1. திறந்த முனை: பல்ஸ் நிமிர்ந்தபடியே திரும்பி வரும். அங்கே கரண்ட் போக வழியில்லை.

2. ஷார்ட் செய்த முனை: பல்ஸ் தலைகீழாக வரும். ஷார்ட்டில் வோல்டேஜ் பூஜ்யமாகவே இருக்கணும். அதனால் போகும் அலையை ரத்து செய்ய எதிர் அலை கிளம்புது.

3. 50 ஓம் டெர்மினேட்டர்: எதுவும் திரும்பாது. கேபிளின் இம்பிடன்ஸும் 50 ஓம் என்பதால், கேபிள் முடிந்ததே அலைக்குத் தெரியாது.

சூத்திரம் சிம்பிள்: முனையின் ஓமிலிருந்து கேபிளின் ஓமைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்க. 75 ஓம் மாட்டினால் 25-ஐ 125-ஆல் வகுக்க 0.2. ஐந்தில் ஒரு பங்கு வோல்டேஜ் திரும்பும்.

அடுத்து நேரம். இந்தக் கேபிளில் அலையின் வேகம் ஒளிவேகத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு மீட்டர் போய் வர 10 நானோ செகண்ட். 50 மீட்டருக்கு 500. எதிரொலி 180-லேயே வந்துட்டா? 18-வது மீட்டரில் ஏதோ கோளாறு! எண்ணூர் உப்புக்காற்றில் துருப்பிடித்த கனெக்டரோ, தண்ணீர் புகுந்த ஜாயிண்ட்டோ, தோண்டாமலே இடம் தெரிஞ்சிடும்.

திரும்பிய பல்ஸ் குள்ளமா, முனை மழுங்கி இருக்கும். அதுதான் அட்டென்யுவேஷன். உதாரணமா, திறந்த முனையில் 1 வோல்ட் போய் 0.6 வோல்ட் வந்தால், 100 மீட்டர் பயணத்தில் 4.4 டெசிபல் இழப்பு. அதிர்வெண் கூடக்கூட கரண்ட் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் இழப்பும் கூடும். பல்ஸின் கூர்மையைத் தருவதே உயர் அதிர்வெண்கள்தான். அவை தேய்ந்ததும் முனை மழுங்குது.

இந்த இழப்பு கடலடியில் பெரிய தலைவலி. 1981-ல் சென்னையையும் பினாங்கையும் இணைத்த ஐஓகாம் கேபிளும் கோஆக்ஸியல்தான். நம்ம லேப் கேபிளைவிடத் தடிமனான கேபிள் போட்டாலும், அந்தத் தூரத்தைத் தாண்ட வழிநெடுக ரிப்பீட்டர்கள் வேணும்.

ரெக்கார்டில் படம் வரைஞ்சதோட லேபை முடிச்சுடாதீங்க. இரண்டு துண்டு கேபிளை இணைத்து, நடுவில் நண்பரை ரகசியமா ஒரு கோளாறு வைக்கச் சொல்லுங்க. எத்தனையாவது மீட்டர், ஷார்ட்டா ஓப்பனா என்று ஸ்கோப்பை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் டேப் வைத்து அளந்து பாருங்க. விடை பொருந்தினால் வைவாவுக்கு நீங்க ரெடி!