சாக்கிலும் தகரத்திலும் சித்திரம்: மேற்பரப்பும் ஞாபகமும்



"கன்வஸ் வாங்க வசதியில்லை ரீச்சர், நான் எதில வரையிறது?" உடையார்கட்டில் எனது வகுப்பில் ஒரு மாணவி இப்படிக் கேட்டாள். கன்வஸும் ஒரு துணிதான். அதன்மேல் இடப்படும் அடிப்பூச்சே அதனை ஓவியத்துக்கு ஏற்றதாக்குகிறது. இதனை விளங்கிக்கொண்டால் வீட்டுச் சாக்கும் தகரமும் ஓவிய மேற்பரப்புகளாகும்.

1. அறிந்திருக்க வேண்டிய ஓவியர்கள்

• பிக்காசோ: 1912இல், பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுசீலையை ஓவியத்தில் ஒட்டி, கயிற்றைச் சட்டமாகச் சுற்றினார்.
• றொபேட் றவுஷன்பேக்: 1955இல் தலையணை, விரிப்பு, ஒட்டுத்துணிப் போர்வை ஆகியவற்றின் மீது வர்ணமிட்டு "படுக்கை" என்ற படைப்பை ஆக்கினார்.
• அ. மாற்கு (1933–2000): யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்தவர், பல ஓவியர்களை உருவாக்கிய ஆசிரியர். 1995 இடப்பெயர்வில் தமது ஓவியங்கள் பலவற்றை இழந்தார்.
• தா. சனாதனன்: இடம்பெயர்ந்தோர் தாம் விட்டுவந்த வீடுகளை ஞாபகத்திலிருந்து வரைந்த வரைபடங்களைக் கொண்டு, "தோம்பு" எனும் பழைய காணிப்பதிவேட்டின் பெயர் தாங்கிய நூலை 2011இல் வெளியிட்டார்.

2. மேற்பரப்பைத் தயார்செய்தல்

• சணல் சாக்கு: வர்ணத்தை உறிஞ்சும். நீர் கலந்த வெள்ளைப் பசையைப் பூசி உலரவிட்டு, வெள்ளை எமல்சன் இட்ட பின் வரைக.
• தகரம்: உறிஞ்சாது. துருவை அரத்தாளால் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சிட்டு எனாமல் பயன்படுத்துக.
• தறப்பாள், உரப்பை: வழுவழுப்பானவை. நீர்வர்ணம் உரிந்துவிடும். இலேசாகத் தேய்த்து, முதலில் சிறு மூலையில் பரீட்சித்துப் பார்க்க.
• ஓடு, செங்கல்: நீரை விரைவாக உறிஞ்சும். தூசி நீக்கி அடிப்பூச்சு இடுக.

எச்சரிக்கை: அஸ்பெஸ்ரஸ் சீற்றைத் தேய்க்க வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. பொருள் தேடும்போது நிலத்தில் கிடக்கும் இனந்தெரியாத உலோகப் பொருட்களை ஒருபோதும் தொடாதீர்கள்.

3. ஞாபகத்திலிருந்து பொருளுக்கு

1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், எங்களுக்கு வர்ணப்பெட்டி கிடைப்பது அரிது. சீமெந்துப் பையின் உட்தாளில் அடுப்புக்கரியாலும் செங்கல் தூளாலும் வரைந்தோம். கபில நிறத் தாளில் கரிக்கோடு எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்பதை அன்றே கற்றுக்கொண்டேன்.

ஆனால் புதிய பொருளில் வரைவது மட்டும் போதாது. பொருளுக்கும் கருப்பொருளுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். மேலே சொன்ன மாணவி அம்மம்மாவின் பழைய நெல்லுச் சாக்கைக் கொண்டுவந்தாள். அதில் சூடு மிதிக்கும் களத்தை வரைந்தாள். அம்மம்மா பொத்தல் தைத்த இடத்தையும் வர்ணத்தால் மூடப்போனாள். "அதை அப்படியே விடு" என்றேன். அவர்கள் வீட்டில் 2009க்கு முந்திய புகைப்படம் ஒன்றும் இல்லை. படத்தைப் பார்த்த அம்மம்மா முதலில் தொட்டது அந்தத் தையலைத்தான்.

துயரமான ஞாபகத்தைத்தான் வரைய வேண்டும் என்பதில்லை. குளத்தில் மீன் பிடித்ததும், மழையில் தகரக் கூரை பேசியதும் நல்ல கருப்பொருள்களே.

4. மாதிரி வினா

வினா: ஒரே வர்ணம் சாக்கிலும் தகரத்திலும் வேறுபட்டுத் தோன்றுவது ஏன்?

விடை: சாக்கு வர்ணத்தை உறிஞ்சுவதாலும் அதன் இழையமைப்பு கரடுமுரடாக இருப்பதாலும் வர்ணம் மங்கித் தோன்றும். தகரம் உறிஞ்சாது, அதன் மேற்பரப்பு ஒப்பமாக இருப்பதால் ஒளி தெறித்து வர்ணம் பளிச்செனத் தெரியும்.

கவனிக்க: பரீட்சையில் தரப்படும் தாளிலேயே வரைய வேண்டும். எனினும் இப்பயிற்சி வீண்போகாது. சாக்கின் கரடுமுரடை விரலால் உணர்ந்தவரே அதனைத் தாளில் தூரிகையால் காட்ட வல்லவர்.

பயிற்சி: உங்கள் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றைத் தெரிவுசெய்க. அது யாருடையது எனக் கேட்டறிக. பின்னர் வீட்டாரின் அனுமதியுடன் அதில் வரைக.