நோயை மறைப்பது ஏன்?

1898-ஆம் ஆண்டு. பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. எலிகள் செத்து விழுந்தன. மக்கள் பயந்து ஊரை விட்டுப் போனார்கள்.

எலியின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சி கடித்தால் பிளேக் வரும். அன்று இது மக்களுக்குத் தெரியாது. அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். நோயாளிகளைத் தனி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஏன் என்று பலருக்குப் புரியவில்லை. அதனால் காய்ச்சல் வந்தவரை வீட்டுக்குள் மறைத்தார்கள். பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் பெங்களூரில் உள்ளன.

122 ஆண்டுகள் கழிந்தன. 2020 மார்ச் மாதம் பெங்களூருக்குக் கொரோனா வந்தது. போன் செய்தால் முதலில் இருமல் சத்தம் கேட்கும். பிறகு ஒரு குரல் கை கழுவச் சொல்லும். எல்லோர் காதிலும் அந்தச் செய்தி விழுந்தது.

ஆனால் பழைய பயமும் திரும்பி வந்தது. நோய் கண்ட வீட்டு வாசலில் தாள் ஒட்டினார்கள். அக்கம்பக்கத்தார் ஒதுங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் ஓர் அடுக்குமாடியில் இரண்டு வீடுகளின் வாசலைத் தகரத்தால் அடைத்துவிட்டார்கள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். தீப்பிடித்தால் என்ன ஆகும்? மாநகராட்சி தகரத்தைப் பிரித்தது. ஆணையர் வருத்தம் தெரிவித்தார். டிசம்பரில், உரிய உத்தரவு இல்லாமல் வாசலில் தாள் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அந்த நாட்களில் ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள். ஒரு தாய்க்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஆஷா பணியாளர் வருகிறார்.

"எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா."

ஆஷா பணியாளர் சத்தம் போடவில்லை. தள்ளி நின்று தமிழிலேயே கேட்டார்.

"எதுக்கு பயப்படறீங்க அக்கா?"

"தெருவுக்குத் தெரிஞ்சா நாளைக்கு வீட்டு வேலைக்கு யார் கூப்பிடுவாங்க?"

"உங்க பேரை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வீட்டுல வயசானவங்க இருக்காங்களா?"

"மாமியார் இருக்காங்க. எழுபது வயசு."

"இருமினாலும் பேசினாலும் கிருமி காத்துல வரும். அது வயசானவங்களைத்தான் அதிகம் தாக்கும். சீக்கிரம் தெரிஞ்சா அவங்களைக் காப்பாத்தலாம். பரிசோதனைக்கு நானும் கூட வரேன்."

அந்தத் தாய் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகக்கவசத்தை எடுத்து மாட்டினார்.

பெங்களூரில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் ஒரே தெருவில் இருப்பார்கள். அவரவர் மொழியில் சொன்னால்தான் புரியும். பயமுறுத்தினால் மக்கள் நோயை மறைப்பார்கள். நம்பிக்கை வந்தால் தாங்களே முன்வருவார்கள்.

நினைவில் கொள்வோம்

1. செய்யச் சொல்லும்போது காரணத்தையும் சொல்வோம்.
2. கேட்பவரின் பயத்தை முதலில் கேட்போம்.
3. நோயை விரட்டுவோம். நோயாளியை விரட்ட மாட்டோம்.

பயிற்சி

1. 1898-இல் மக்கள் நோயாளிகளை ஏன் மறைத்தார்கள்?
2. வாசலில் தாள் ஒட்டியதால் என்ன நடந்தது?
3. அந்தத் தாய் எந்தப் பேச்சைக் கேட்டு மனம் மாறினார்?
4. உங்கள் தெருவில் டெங்கு வந்தால் பக்கத்து வீட்டாரிடம் என்ன சொல்வீர்கள்? நான்கு வரி எழுதுங்கள்.