எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு குப்பித் தண்ணீர்



நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க, கடலில் இறக்கியதும் திரையில் எண்ணைக் காட்டும் உணர்கருவி இருக்கும்போது, 1888-இல் ஹங்கேரிய வேதியியலர் லாயோஷ் விங்க்ளர் வகுத்த குப்பி முறையை இன்னும் ஏன் பழக வேண்டும் என்ற இளம் ஆய்வாளரின் கேள்வி விரிவான விடைக்கு உரியது. எண் கிடைத்தால் கண்காணிப்பு முடிந்தது என்னும் எண்ணமே அக்கேள்வியின் அடியில் இருக்கிறது, அது தவறு.

எண்ணூர்க் கழிமுக நீரைக் காற்றுக் குமிழி ஒன்றுகூடப் புகாதபடி குப்பியின் அடியிலிருந்து நிரப்பி, சிறிது வழியவிட்டு, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் படகிலேயே சேர்த்து, மூடிக் குலுக்கினால், கரைந்துள்ள ஆக்சிஜன் மாங்கனீசோடு சேர்ந்து பழுப்பு வீழ்படிவாக மெல்ல அடியில் இறங்கும். ஆக்சிஜன் அறவே இல்லையெனில் அது வெள்ளையாகவே நிற்கும். நீர் மூச்சுத் திணறுவதை இப்படிக் கண்ணாலேயே காணலாம். பின்னர் அமிலம் சேர்க்கையில் வெளிப்படும் அயோடினைத் தயோசல்பேட்டால் தரம்பார்த்து, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் துளியில் நிறுத்தினால் ஆக்சிஜனின் அளவு தெரியும். உணர்கருவியின் முனையில் பாசி படிந்து அளவீடு விலகும்போது அதைத் திருத்தும் அளவுகோலும் இக்குப்பியே. இம்முறையை வெளியிட்டபோது விங்க்ளருக்கு வயது 25 மட்டுமே என்பதை இளையோர் மறக்கலாகாது.

குப்பி கற்பிக்கும் பெரிய பாடம், எப்போது, எங்கே எடுத்த நீர் என்பதே. நண்பகலில் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனைக் கூட்டுகின்றன. இரவெல்லாம் எல்லா உயிர்களும் அதைச் செலவழிப்பதால் விடியுமுன் அளவு தாழ்கிறது. ஓதம் ஏறும்போது கழிமுகத்தில் இருப்பது கடல்நீர். வற்றும்போது கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் சுமந்து வரும் நீர். அனல் மின்நிலையத்தின் சுடுநீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. பகல் ஏற்றத்தில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு, கழிமுகம் நலமாக உள்ளது என்று எழுதுவது அறிவியல் ஆகாது.

இந்த அளவுகளை ஆண்டுதோறும் சேர்த்து வைப்பதற்கும் காரணம் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோது கசிந்த எண்ணெய் தெற்கே நகர்ந்து, எர்ணாவூர் பக்கம் கரைப்பாறைகளின் இடுக்கில் தேங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. இத்தகைய விபத்துகளின் இழப்பை மதிப்பிட, அவற்றுக்கு முந்தைய ஆண்டுகளின் அளவுகள், அதாவது அடிநிலைத் தரவு, தேவை; விபத்துக்குப் பின் ஓடிச்சென்று அதைத் திரட்ட முடியாது.

எங்கே மாதிரி எடுப்பது என்பதற்கு உள்ளூர் அறிவும் வேண்டும். வடக்கிலிருந்து ஓடும் நீரோட்டத்தை வன்னி வெள்ளம் என்றும் தெற்கிலிருந்து ஓடுவதைத் தெண்டி வெள்ளம் என்றும் மீனவர்கள் பிரித்தறிகின்றனர். இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்போர், சேற்றின் மாற்றத்தை விரல்களால் உணர்கின்றனர். அவர்களிடம் கேட்காமல் மாதிரி எடுக்கும் இடங்களை வரைபடத்தில் குறிப்பது வீண் வேலை.

அடுத்த முறை எண்ணூருக்கு விடியுமுன்பே சென்று படகேறுக. குறிப்பேட்டில் எண்ணுக்கு முன்பாக நேரமும் ஓதமும் வெள்ளத்தின் திசையும் எழுதப்படட்டும்.