இரண்டு ஆஃபர், மூன்று கடிகாரம்

அமெரிக்காவில் பிஎச்.டி. முடிக்கப் போகிற பையனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள். ஒன்று, பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணியான இரண்டாண்டு போஸ்ட்டாக் ஃபெலோஷிப். மற்றது, டென்யூர் டிராக் அசிஸ்டென்ட் புரொஃபசர் பதவி. ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இதுல பெர்மனென்ட் வேலை எதுப்பா?"

நம்பிக்கை: டென்யூர் டிராக் என்றால் நிரந்தர வேலை.

உண்மை: தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ஸ்டேஷன் இன்னும் தூரம். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கத்தின் 1940 அறிக்கை, தகுதிகாண் காலம் ஏழாண்டைத் தாண்டக் கூடாது என்றது. ஆகவே டென்யூர் என்னும் நிரந்தரப் பதவிக்கான கோப்பு பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் மேலே போகும். அதே துறையில் உள்ள வெளியூர்ப் பேராசிரியர்கள் எழுதும் மதிப்பீட்டுக் கடிதங்கள்தான் அதில் கனமானவை. இல்லையென்று சொல்லிவிட்டால் வழக்கமாக ஒரு வருட அவகாசம், பிறகு மூட்டை கட்ட வேண்டும். நம்மூர் ப்ரொபேஷன் போலப் பேருக்கு நடக்கிற சடங்கல்ல இது. சம்பளமும் பல இடங்களில் ஒன்பது மாதத்துக்குத்தான். கோடைக்கு ஆய்வு மானியத்திலிருந்து தேடிக்கொள்ள வேண்டும். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

நம்பிக்கை: ஒன்றை எடுத்தால் மற்றது கைநழுவிவிடும்.

உண்மை: உயிரியலில் இரண்டில் எது என்ற கேள்வியே அதிகம் எழாது, போஸ்ட்டாக் செய்யாதவரை வேலைக்கு எடுப்பது அரிது. கணினி அறிவியல், கணிதம், பொருளாதாரத் துறைகளில் "வேலையை ஏற்கிறேன், ஒரு வருடம் கழித்துச் சேர்கிறேன்" என்று கேட்பது சகஜம். பல துறைத் தலைவர்கள் சம்மதிக்கிறார்கள். டென்யூர் கடிகாரம் சேரும் நாளில்தான் ஓடத் தொடங்கும். வகுப்பும் கமிட்டியும் இல்லாத அந்த ஒரு வருடம் முழு லாபம். வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: போஸ்ட்டாக் வருடங்கள் எந்தக் கணக்கிலும் வராது.

உண்மை: டென்யூர் கணக்கில் பொதுவாக வராது. மானியக் கணக்கில் வரும்; அதுதான் இரண்டாவது கடிகாரம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் (என்.ஐ.எச்.) தரும் 'தொடக்கநிலை ஆய்வாளர்' சலுகை, பிஎச்.டி. முடித்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குத்தான். ஐந்து வருடம் போஸ்ட்டாக்கில் இருந்தால் பாதி கரைந்துபோகும். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்.எஸ்.எஃப்.) கேரியர் விருது வேறு மாதிரி. அதற்குப் போஸ்ட்டாக்கில் இருப்பவர் விண்ணப்பிக்கவே முடியாது, அசிஸ்டென்ட் புரொஃபசருக்கும் மூன்றே வாய்ப்புதான்.

நம்பிக்கை: விசா சமாசாரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். என்.எஸ்.எஃப். தரும் கணித போஸ்ட்டாக் ஃபெலோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். என்.ஐ.எச். தரும் கே99 மானியம் வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வருகிறவர் இரண்டாண்டு ஊர் திரும்பி இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனைக்குக் காரணமான அமெரிக்க அரசின் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. ஆனாலும் அரசாங்கப் பணத்தில் வந்தவரை அந்த நிபந்தனை இன்னும் பிடிக்கும்.

மூன்றாவது கடிகாரம் கிரீன் கார்டுடையது. பாடம் நடத்தும் பேராசிரியருக்கென்று ஒரு சலுகை வழி உண்டு. தேர்வான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் பல்கலைக்கழகம் அதற்கு மனுப் போட வேண்டும். கணக்குத் தொடங்குவது தேர்வான நாளில், சேர்ந்த நாளில் அல்ல. ஒரு வருடம் தள்ளிச் சேர்கிறவருக்குக் கையில் மிஞ்சுவது சில மாதங்களே. துறைத் தலைவரிடம் தேதி கேட்கும் அன்றே, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.